தனித்தட்டு ஊசி

சீழ், ரத்தம், வாந்தி, மலம் எதுவும் இருதயமேரிக்குக் குமட்டியதில்லை. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி வாளிகளைச் சுமந்தவள் அவள். அழுகிய காலில் புழு எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சோறு தின்பாள். அவளுக்குக் குமட்டிய ஒரே பொருள் ஒரு பீங்கான் கிண்ணம். அதில் இரண்டு விரல்கடை ஸ்பிரிட் இருக்கும். அடியில் பஞ்சுத் தூசியும் நூல் நூலாக உறைந்த ரத்தமும் கிடக்கும். ஒருமுறை செத்த எறும்பு ஒன்றும் மிதந்தது. அந்த ஸ்பிரிட்டில் முக்கி எடுத்த ஊசியைத்தான் மனிதர்களின் முழங்கால் மூட்டுக்குள் இறக்கினார்கள்.

மணப்பாறைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் 1910-இல் பிறந்தவள். பத்தொன்பதாம் வயதில் புருஷன் காலராவில் போனான். திருச்சிக்கு வந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தாள். ஆபரேஷன் அறைக்குப் பக்கத்து அறையில் ஊசிகளையும் கத்திகளையும் கொதிக்கவைப்பார்கள். துடைத்துக்கொண்டே பார்த்தாள். கண்ணாடி சிரிஞ்சைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் விரிசல் விட்டுவிடும். பாத்திரத்தின் அடியில் துணி விரிக்க வேண்டும். குழலிலும் தண்டிலும் பொறித்த எண் ஒன்றாக இருந்தால்தான் ஜோடி. தண்ணீர் கொதித்த பிறகு இருபது நிமிஷம்; கொதிப்பதற்கு முன்னால் அடுப்பில் இருந்த நேரம் சேராது. முனை மழுங்கிய ஊசியை எண்ணெய்க் கல்லில் தீட்டி, பஞ்சில் குத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு இழை மாட்டினாலும் ஊசி மறுபடியும் கல்லுக்குப் போகும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நாலைந்து வருஷத்தில் அந்த அறை அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது.

அங்கே மாடி இரண்டு. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்கியதில் அவள் முழங்கால்கள் இரண்டும் கெட்டன. முதலில் இறங்கும்போது வலித்தது, பிறகு ஏறும்போதும். உட்கார்ந்து எழுந்தால் உள்ளே மணலை அரைப்பதுபோல் சத்தம் கேட்கும். கோயிலில் பூசையின்போது எல்லோரும் முழந்தாளிட, இவள் மட்டும் கடைசிச் சுவரோரம் நிற்பாள். 1955-இல் மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு சந்தில் தனி டாக்டர் ஒருவரிடம் வேலைக்குப் போனாள். சம்பளம் குறைவுதான். ஆனால் அங்கே படிக்கட்டே இல்லை.

அந்த டாக்டர் கெட்டிக்காரர். நாடி பிடிக்கும்போதே நோயாளியின் வீட்டுக் கதை முழுவதையும் கேட்டுவிடுவார். கை லேசான கை. ஒரே குறை, அவசரம். அடுத்த வருஷம் மெட்ராஸுக்குப் போய்வந்தவர் மூட்டுக்குள் போடும் ஊசியைக் கற்றுக்கொண்டு வந்தார். ஹைட்ரோகார்ட்டிசோன் என்று மருந்தின் பேர். சின்னக் குப்பியில் அடியில் சுண்ணாம்புபோல் தங்கியிருக்கும். குலுக்கினால் பால்போல் ஆகும். முட்டிச் சில்லுக்குப் பக்கவாட்டில் ஊசியை இறக்கி, உள்ளே நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே ஊசி வழியாக மருந்தைச் செலுத்துவார். இரண்டு நாள் வலி கூடும். மூன்றாம் நாள் வலி இருந்த இடம் தெரியாது. மாடி ஏற முடியாமல் கிடந்தவர்கள் மலைக்கோட்டை ஏறினார்கள். சில வாரம், சில மாதம் அப்படி ஓடும். பிறகு வலி திரும்பி வரும். அவர்களும் திரும்பி வருவார்கள்.

இருதயமேரியும் கேட்டாள்.

"போட்டுவிடறேன் மேரி, உனக்கு எதுக்குக் காசு," என்றார் டாக்டர். "வந்து படு."

"ஊசிய நான் கொதிக்கவச்சு எடுத்துட்டு வரேங்க. இருபது நிமிஷம்."

கம்பவுண்டர் சின்னையன் சிரித்தான். உறையூர்க்காரன். வெற்றிலை வாயோடு மருந்து கலக்குகிறவன். "என்ன ஆயா, ஊசிக்கு ஞானஸ்நானம் குடுத்தாத்தான் உன் கால்ல ஏறுமா?"

"ஆமாப்பா. உன் வாய்க்கும் ஒருநாள் குடுத்தா நல்லாருக்கும்."

டாக்டரும் சிரித்தார். இருபது நிமிஷம் காத்திருக்கவும் செய்தார். அந்த ஊசிக்குப் பிறகு நாலு மாதம் அவள் வலியில்லாமல் நடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டாள், எழுந்தபோது அழுதாள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமைகளில் அவளுக்கு ஊசி.

டாக்டர் அதற்கான கூலியை வேறு விதமாக வாங்கிக்கொண்டார். புதிதாக யாராவது தயங்கினால், "மேரி, கொஞ்சம் உட்கார்ந்து எந்திரிச்சுக் காட்டு," என்பார். நோயாளிகளுக்கு முன்னால் அவள் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பல் பார்ப்பார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள், எழுந்தாள்.

தனித்தட்டு வந்தது 1957 மார்கழியில். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து கூட்டம் வந்தது. விடியுமுன் குளிரில் மணிக்கணக்காக நின்று பரமபத வாசல் வழியாகப் போக வேண்டும். கால் முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? டாக்டரிடம் வந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், படுக்கையில் படுத்தபிறகு எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்கப்படாது. இந்த ஊசி யாராருக்குப் போட்டது? கறி மீன் திங்கறவா முட்டியிலே எல்லாம் போய்வந்த ஊசியோ?"

கொதிக்கவைத்தால் எல்லா ஊசியும் சுத்தம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "உங்களவாளுக்குத் தனியாவே வச்சிருக்கேன்," என்றார். அந்த நிமிஷம் வரை அப்படி ஒன்று இல்லை. மறுநாள் ஒரு எவர்சில்வர் தட்டு, இரண்டு சிரிஞ்சு, ஆறு ஊசி, ஒரு பீங்கான் கிண்ணம் எல்லாம் வந்தன. ஊசி கொதிக்கும் பொதுப் பாத்திரத்தில் அவை இறங்கக் கூடாது. மற்ற ஊசிகளோடு சேர்ந்துவிடுமே. இருதயமேரியின் கையும் படக் கூடாது. அவள் கறி தின்கிறவள். எனவே அந்தத் தட்டு சின்னையன் பொறுப்பு. அவன் கெண்டியிலிருந்து வெந்நீரை ஊற்றி அலசி, ஸ்பிரிட்டில் முக்கி வைப்பான். உறையூரில் அவன் வீட்டுக் கோழிக்குழம்பு வாரம் இரண்டு நாள். அதை யாரும் கேட்கவில்லை.

தனக்கு மட்டும் என்று சொன்னதும் ஜனங்களுக்கு வருகிற திருப்தியைப் பார்க்க வேண்டும். அந்தத் தட்டை, ஊசி கழுவும் இடத்தை மறைத்த திரைக்கு வெளியே கொண்டுவந்து காட்டுவார்கள். படுத்திருப்பவர் முகம் மலரும். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவைப்பான் சின்னையன், ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டாம் என்று. நாள்கணக்கில் அது அங்கேயே நிற்கும். திருச்சியிலேயே அழுக்கான ஊசி எது என்று கேட்டால், ஆசாரத்துக்காகத் தனியே வைத்த அந்த ஆறும்தான். கூட்டம் அதிகமான நாட்களில் வேறு ஊசி கைக்கு எட்டாவிட்டால் அதே ஆறிலிருந்து எடுத்து, சுருட்டுக் கம்பெனித் தொழிலாளிக்கும் மணப்பாறை மாட்டுத் தரகனுக்கும் போட்டார் டாக்டர். திரும்ப அலசி, ஸ்பிரிட்டில் முக்கி, தனித்தட்டில் வைத்தார்கள்.

இருதயமேரி ஒருமுறை வாய் திறந்தாள். "அந்தத் தட்டையும் தனிப் பாத்திரத்துல கொதிக்கவச்சிரலாங்க. அடுப்பு காலியாத்தான் இருக்கு."

"ரெண்டு வருஷமா ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சா?" என்றார் டாக்டர். "ஸ்பிரிட்ல எதுவும் உயிரோட இருக்காது. நீ உன் வேலையப் பாரு."

ஆகவில்லை என்பது உண்மைதான். அவள் தன் வேலையைப் பார்த்தாள். தன்னுடைய ஊசியை மட்டும் கொதிக்கவைத்தாள்.

1959 மார்கழி. ஏகாதசிக்கு ஐந்து நாள் முன்பு ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி என்று ஒரு அம்மாள் புருஷனோடு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருத்த உடம்பு, பேச்சில் கேலி. புருஷன் ரிஜிஸ்திரார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தட்டைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஊசிகளைப் பார்வையிட்டுத் தலையாட்டினார். வலது முழங்காலில் ஊசி போட்டார் டாக்டர். இரண்டாம் நாள் மாலை அவர் மட்டும் வந்தார்: வலி தாங்கவில்லை, கணகணவென்றிருக்கிறது. "ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கோ," என்று அனுப்பினார் டாக்டர்.

ஏகாதசியன்று சின்னையன் விடியற்காலையிலேயே ஸ்ரீரங்கம் போனவன் திரும்பவில்லை. காலை பத்து மணிக்கு ஒரு குதிரை வண்டி சந்துக்குள் வந்தது. ரங்கநாயகியை இரண்டு பேர் தூக்கிவந்து படுக்கையில் கிடத்தினார்கள். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, தோல் பளபளவென்று சிவந்து, பாதி மடங்கிய நிலையில் நின்றது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. குளிர்காய்ச்சலில் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் இருதயமேரியைத் திரைக்குப் பின்னால் அழைத்தார். "சின்னையன் இல்ல. அந்தத் தட்ட நீ எடு. வெளிய வராத. இங்கேருந்தே கைய நீட்டிக் குடு, நான் வாங்கிக்கறேன்."

முதல் முறையாக அந்தத் தட்டு அவள் கைக்கு வந்தது. ஒரு ஊசியின் அடியில் துரு. இன்னொன்றின் துளைக்குள் கறுப்பாக எதுவோ காய்ந்திருந்தது. கிண்ணத்தைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை நீட்டினாள். தட்டிலிருந்த ஒரு சிரிஞ்சை டாக்டரே எட்டி எடுத்துக்கொண்டு போனார்.

முட்டியில் குத்தி நீரை உறிஞ்சினார். ரங்கநாயகி அலறினாள். சிரிஞ்சு திரைக்குப் பின்னால் வந்தது, கொட்டிவிடச் சொல்லி. தேய்ந்த மூட்டின் நீரை நூறு தடவை பார்த்தவள் இருதயமேரி. அது நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக இருக்கும். சொட்டவிட்டால் முட்டை வெள்ளைபோல் நூலிழுத்துக்கொண்டு இறங்கும். இது அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கி, மஞ்சளாக இருந்தது. ஊசி நுனியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். நூல் வரவில்லை. பொட்டென்று விழுந்தது.

வெளியே டாக்டரின் குரல் கேட்டது.

"கோயில் சந்தனத்த எடுத்துத் தடவினேளா? ஊசி போட்ட எடத்துல சந்தனம், தைலம், எதையாவது தடவிண்டு வந்துடறா. அப்புறம் ஊசி மேல பழி."

"சந்தனமா? சந்தனத்தைக் கண்ணால பார்த்தே அஞ்சு நாளாறது," என்றாள் ரங்கநாயகி, பல் கிடுகிடுக்க. "ஊசி போட்டுண்ட மறுநாளே இவரோட பெரியப்பா பிள்ளை ஆசார்யன் திருவடி சேர்ந்துட்டார். பத்துநாள் தீட்டு. கோயிலும் கிடையாது, சந்தனமும் கிடையாது. பெருமாளைச் சேவிக்கறதுக்காக ஊசி போட்டுண்டேன். அவரானா, நீ வரவே வேண்டாம்னுட்டார்."

"வேற ஒண்ணுமில்ல, உள்ளே நீர் கோத்திண்டிருக்கு," என்றார் டாக்டர். "இன்னொரு ஊசி போட்டா வத்திடும். மேரி, மருந்து."

கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட மூட்டைத் திறந்து கழுவுவதை அவள் பார்த்திருக்கிறாள். தாமதித்தவர்களுக்குத் தொடையோடு கால் போனதையும் பார்த்திருக்கிறாள். இந்த மருந்து வீக்கத்தை அடக்கும், சீழை அடக்காது. உள்ளே போனால் இன்றிரவு அந்த அம்மாளுக்கு வலி குறைந்தாலும் குறையும். நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். கால் போகும், உயிரும் போகலாம். இன்னொன்றும் அவள் நினைவுக்கு வந்தது. வருகிற சனிக்கிழமை அவளுடைய ஊசி நாள். போன பத்து நாளாக வலது முட்டி மறுபடியும் அரைக்கத் தொடங்கியிருந்தது.

"மேரி!"

தட்டை எடுத்துக்கொண்டு திரையைத் தள்ளி வெளியே வந்தாள்.

"அம்மா, இந்த ஊசிய போட்டுக்காதீங்க. உள்ள சீழ் வச்சிருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே போங்க. வண்டி வாசல்லதான நிக்குது."

டாக்டரின் முகம் சிவந்தது. "ஊசி கழுவறவ நீ. எனக்கு வைத்தியம் சொல்றியா?"

"கழுவலைங்க டாக்டர். அதத்தான் சொல்றேன். இந்தத் தட்ட வாங்கின நாள்லேருந்து யாரும் கொதிக்கவைக்கல."

ரங்கநாயகியின் புருஷன் எழுந்தே நின்றுவிட்டார். அவர் பார்த்தது மனைவியின் காலை அல்ல, இருதயமேரியின் கையை.

"இது எங்க தட்டுன்னா? இதை நீயா எடுத்தே?"

"இன்னிக்குத்தாங்க எடுத்தேன். இத்தனை நாளா என் கையில குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது."

"இருக்கட்டும். வேற யாருக்காவது போட்டிருக்காளா இந்த ஊசியை? அதைச் சொல்லு. வேற ஜாதிக்காரா யாருக்காவது?"

"கூட்டம் சேந்துட்டா எல்லாருக்கும் இதுதாங்க."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஜன்னலுக்குப் போய் ஓங்கரித்தார். பக்கத்தில் மனைவி எரிகிற காலோடு கிடக்கிறாள். அந்த மனிதருக்குக் குமட்டியது அதனால் அல்ல.

"அதையெல்லாம் அப்புறம் கேளுங்கோ," என்று கத்தினாள் ரங்கநாயகி. "முதல்ல என்னைத் தூக்குங்கோ!"

தூக்கினார்கள். குதிரை வண்டி போன பிறகு டாக்டர் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். கத்தவில்லை.

"சனிக்கிழமை நீ யார்கிட்ட போய்க் கால நீட்டறேன்னு பாக்கறேன்," என்றார்.

அவள் கிண்ணத்தில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தட்டையும் ஆறு ஊசிகளையும் பாத்திரத்தில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனவள் வேலைக்குத் திரும்பவில்லை. அடுப்பைப் பிறகு யாரோ அணைத்திருப்பார்கள். ஒரு வாரத்தில் அந்தத் தட்டு மறுபடியும் ஸ்பிரிட்டோடு வெளியே வந்துவிட்டது என்று கேள்வி.

பெரியாஸ்பத்திரியில் அன்று பிற்பகலே ரங்கநாயகியின் மூட்டைத் திறந்து கழுவினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் பென்சிலின். மூன்று வாரம் கிடந்தாள். கால் தப்பியது, மூட்டு தப்பவில்லை. எலும்போடு எலும்பு ஒட்டி, கம்புபோல் நேராக நின்றுவிட்டது. இனி மணையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. விழுந்து சேவிக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும், போகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டிப் போக.

இருதயமேரி தை மாதம் அவளைப் பார்க்கப் போனாள். அதற்குள் பழைய வலி முழுவதும் திரும்பிவிட்டது. வார்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து கட்டிலுக்கு வந்தாள். பையில் நாலு கமலாப்பழம் இருந்தது. கொடுக்கலாமா, வாங்குவார்களா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உட்காரு. நிக்க முடியலைன்னு தெரியறது," என்றாள் ரங்கநாயகி. அவளே கையை நீட்டிப் பழத்தை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள். "டாக்டர்லாம் சொன்னா. அந்த ரெண்டாவது ஊசி போட்டிருந்தா நான் இப்போ இல்லையாம்."

இருதயமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தத் தட்டைக் கொதிக்கவைக்கலைன்னு ஒனக்கு எப்போ தெரியும்?"

"வாங்கின நாள்லேருந்து தெரியுங்க."

"எத்தனை நாளாச்சு வாங்கி?"

"ரெண்டு வருஷங்க."

பக்கத்துக் கட்டில்காரியின் கஞ்சிப் பாத்திரத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷம். நான் வந்து படுத்தப்போ நீ திரைக்குப் பின்னால இருந்தே. அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேக்கு இந்த முட்டி இருந்திருக்கும்."

"ஆமாங்க."

"ஏன் சொல்லலை?"

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். டாக்டருக்குப் பயம், வேலை போய்விடும், சொன்னாலும் நீங்கள் நம்பியிருப்பீர்களா என்று எத்தனையோ சொல்லலாம். அவற்றில் பொய்யும் இல்லை. இருதயமேரி புடவையை விலக்கித் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கும் அவர்தாங்க போட்டாரு. காசில்லாம போட்டாரு. என் ஊசிய நான் கொதிக்கவச்சுக்கிட்டேன்."

ரங்கநாயகி அந்தக் காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் இருதயமேரி; திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாள் மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வயிற்றைப் புரட்டும் ஒன்றைப் பார்த்துவிட்டவர்கள் அப்படித்தான் திரும்பிக்கொள்வார்கள். பழத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த மார்கழியில் மெயின்கார்டுகேட்டில், ஸ்ரீரங்கம் பஸ் வந்து நிற்கும் இடத்தில் இருதயமேரி ஒரு குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்து, "ஊசி போடத்தானே போறீங்க? அந்தத் தனித்தட்டு வேணாம்னு சொல்லுங்க. என் கண்ணு முன்னால கொதிக்கவைன்னு கேளுங்க," என்பாள். ஒருசிலர் கேட்டுக்கொண்டு போனார்கள். பெரும்பாலானவர்கள் பைத்தியம் என்று நினைத்து, மேலே பட்டுவிடாமல் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். அரை மணிக்கு மேல் அவளால் நிற்க முடியாது. மூடிய கடை ஒன்றின் படியில் உட்காருவாள். அடுத்த பஸ் வருவது தெரிந்தால், இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்.